கால் இல்லாதவை ஓடும் விதம்: ‘ரன்’ என்னும் வினை குறித்த ஓர் ஆய்வு

ஆங்கிலத்தில் ‘ரன்’ என்றால் ஓடுதல். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த இதில் ஆராய என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் ஆசிரியர்களுள் ஒருவரான பீட்டர் கில்லிவர் இந்த ஒற்றைச் சொல்லோடு ஒன்பது மாதம் மல்லுக்கட்டினார். வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள்கள் தேறியதாக 2011இல் செய்தி வந்தது. 1989 பதிப்பில் 430 பொருளோடு கொலுவீற்றிருந்த ‘செட்’ இடத்தைக் காலி செய்தது.

645ஐயும் அலசுவது அகராதிக்காரர் பாடு. இங்கே முன்வைக்கும் கருதுகோள் ஒன்றுதான்: கால் உள்ளவர்களுக்கு இச்சொல்லில் பங்கு மிகக் குறைவு.

சான்றுகள் வருமாறு. சளி பிடித்த ஆங்கிலேயரின் மூக்கு ஓடும். முகத்தை விட்டு இம்மியும் நகராது. குளிப்பதற்கு முன் தொட்டியை ‘ஓட்டு’வார்கள், தொட்டி போட்ட இடத்திலேயே கிடக்கும். வேலி வயலோரமாக ஓடும். காய்ச்சல்காரர் போர்வைக்குள் சுருண்டபடியே டெம்பரேச்சர் ஓட்டுவார். சர்க்கரை டப்பா காலியானால் ஓடியது சர்க்கரை என்றும் சொல்லலாம், வீட்டுக்காரர் என்றும் சொல்லலாம். இலக்கணம் இரண்டுக்கும் இடம் தருகிறது.

இயந்திரங்கள் வந்தபின் நிலைமை கைமீறிவிட்டது. நீராவி எஞ்சின் ஓடியது, ரயில் ஓடியது, கடைசியில் கம்ப்யூட்டரில் புரோகிராமும் ஓடுகிறது. ஓட்டுபவர் நாற்காலியில் சாய்ந்திருக்கிறார். கம்பெனியை ஓட்டுபவரும் அப்படியே.

தேர்தலில் மட்டும் அட்லாண்டிக்கின் இரு கரைக்கும் ஒத்துப்போவதில்லை. அமெரிக்க வேட்பாளர் ஓடுவார். பிரிட்டிஷ் வேட்பாளர் நிற்பார். நம்மூரிலும் நிற்பதே வழக்கம். ஜெயித்தபின் ஓடுவது தனி ஆய்வுக்குரியது.

கிரிக்கெட் ‘ரன்’ பெயர்ச்சொல், ஆய்வெல்லைக்குள் வராது. ஆனாலும் விட மனமில்லை. 22 கஜ ஆடுகளத்தில் மூச்சிரைக்க எதிர்முனைக்கு ஓடினால் ஒன்று. பந்தை எல்லைக்கோட்டுக்கு மேல் பறக்கவிட்டு மட்டையை ஊன்றி நின்று வேடிக்கை பார்த்தால் ஆறு. ஓடுகிறவர் கோட்டைத் தொடாமல் திரும்பினாலோ, ‘ஷார்ட் ரன்’ என்று நடுவர் அந்த ஒன்றையும் பிடுங்கிக்கொள்வார். பேஸ்பாலில் இந்தச் சலுகை கிடையாது. பந்து அரங்கத்தைத் தாண்டிப் போய் விழுந்தாலும், அடித்தவர் 90 அடி வீதம் நான்கு பக்கமும் சுற்றி, ஒவ்வொரு பேஸையும் மிதித்தாக வேண்டும்.

இன்னொரு பெயர்ச்சொல்லும் இதோடு சேரும். 2007 செப்டம்பரில் நார்தர்ன் ராக் வங்கி தள்ளாடுகிறது என்று தெரிந்ததும், போட்ட பணத்தை எடுக்கப் பிரிட்டிஷ் மக்கள் கிளை வாசல்களில் மணிக்கணக்காக வரிசையில் நின்றார்கள். பொருளியலில் இதற்குப் பெயர் வங்கி ‘ரன்’.