ஹாலில் யாரும் உட்கார வேண்டாம்

ஹால் அலங்காரத்தை லப்பைக்குடிக்காட்டில்தான் கற்க வேண்டும். வெள்ளாற்றின் தென்கரையில் ஹால். அதன் திட்டக்குழுத் தலைவரோ துபாயில், அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில். கடிகாரம் அங்கே ஒன்றரை மணி நேரம் பின்னால். ஆகவே இங்கே இரவு பதினொன்றுக்குத்தான் கூட்டம் கூடும், வீடியோ காலில்.

"ஃபால்ஸ் சீலிங்கில் நீல விளக்கு ஓடட்டும்" என்றார் தலைவர். நல்ல முடிவு. நிஜ சீலிங்கில் என்ன பெருமை இருக்கிறது? சோபா வந்தது, பிளாஸ்டிக் உறை கழற்றப்படவில்லை. உறையோடு இருந்தால்தானே புதுசு! பேரீச்சம்பழம் வைக்கக் கண்ணாடி ஷோகேஸ்; திறக்கத் தடை. சித்திரை வெயிலைச் சமாளிக்க ஏசியும் உண்டு, ரிமோட் பீரோவுக்குள் பத்திரமாக இருக்கிறது. குடும்பம் அடுப்படியில் உண்டு மொட்டைமாடியில் உறங்கியது. ஒரு கீறல் இல்லை.

இரண்டு வருடம் கழித்துத் தலைவர் முப்பது நாள் விடுப்பில் வந்தார். செருப்பைக் கழற்றி ஆசையாகச் சோபாவை நோக்கி நடந்தார்.

"அத்தா, அங்கே உட்காராதீங்க. விருந்தாளி வருவாங்க" என்றாள் மகள்.

அன்றிரவு திண்ணையில் பாய் விரித்துப் படுத்தபடி, ஜன்னல் வழியே போனை நீட்டி, துபாய் அறை நண்பர்களுக்குத் தன் ஹாலைக் காட்டினார். எல்லோரும் பாராட்டினார்கள்.