பலகை மாற்றும் கலை

‘சர்வாதிகாரம்’, ‘அடக்குமுறை’ என்று வாய்க்கு வந்ததைப் பேசுகிறவர்கள் மியன்மார் தளபதிகளிடம் கொஞ்சம் நாகரிகம் பழகலாம். 1988-இல் ஆட்சியைப் பிடித்தார்கள். வைத்த பெயர் ‘சட்டம் ஒழுங்கு மீட்புக் கவுன்சில்’. 1997-இல் அதுவே ‘அமைதி, வளர்ச்சிக் கவுன்சில்’. தலைவர் மாறவில்லை, பலகைதான் புதிது. இடையில் ஒதுங்கியிருந்துவிட்டு 2021-இல் மறுபடி வந்தபோது ‘நிர்வாகக் கவுன்சில்’. தேர்தலில் வென்ற தலைவர் ஆங் சான் சூச்சியைச் சிறையில் வைப்பதும் நிர்வாகம்தானே! நெருக்கடி நிலை ஓராண்டுக்குத்தான் என்றார்கள். மக்களுக்குப் பழகிப்போயிருக்குமே என்ற கரிசனத்தில் ஆறாறு மாதமாக நீட்டினார்கள். 2025 ஜூலை 31-இல் பெரிய மனது பண்ணி விலக்கிக்கொண்டார்கள். கவுன்சிலுக்குப் பதில் ‘பாதுகாப்பு, அமைதி ஆணையம்’. தலைவர் அப்போதும் 2021-இல் ஆட்சியைப் பிடித்த அதே தளபதி மின் ஆங் லைங்தான். அதே நாளில் 60-க்கும் மேற்பட்ட வட்டாரங்களில் ராணுவச் சட்டம். அவசரத்தில் அதற்கு மட்டும் நல்ல பெயர் அகப்படவில்லை போலிருக்கிறது.