மிதித்தால் பாடும் கோரஸ்

2025 பிப்ரவரியில் சென்னை நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில் ஆங்கிலப் பாடகர் எட் ஷீரன், தன் வழக்கப்படி கிடார் தட்டலையும் குரலையும் மேடையிலேயே பதிந்து, லூப் கருவியைக் காலால் மிதித்து அடுக்கடுக்காக ஒலிக்கவிட்டார். தனியாளாக இவ்வளவா என்று கூட்டம் வாய்பிளந்தது. ராயபுரத்துச் சாவு வீடுகளில் ஒலிக்கும் மரண கானாவில் ஒருவர் பாட, சுற்றியிருப்பவர்கள் டோலக்கோடு அதே அடியைத் திருப்பிப் பாடுவதும் இந்த வேலைதான். என்ன, அவர்களை மிதிக்க முடியாது. கருவி டீ கேட்காது, சம்பளத்தில் பங்கு கேட்காது என்பார்கள். வாஸ்தவம், கச்சேரி அமைப்பாளர் காதுக்கு இதைவிட இனிய ராகம் கிடையாது. ஆனால் முதல் சுற்றில் தாளம் பிசகினால் கூட்டாளி முறைத்தே சரிசெய்துவிடுவார். கருவியோ அந்தப் பிசகையே பாட்டு முடியும்வரை விசுவாசமாகத் திருப்பிச் சொல்லும். அப்புறம், தனியாள் என்பதும் சந்தேகம்தான்: கருவிக்கு மின்சாரம் வேண்டும், அனல்மின் நிலையச் சாம்பலோடு மல்லுக்கட்டும் எண்ணூர்க்காரர்களையும் பக்கவாத்தியத்தில் சேர்க்க வேண்டாமா?