பிளக்ஸை இறக்குலே மக்கா

ஏலே மக்கா, கச்சான் காத்துக்குப் பயந்து கரையில ஏத்தி வச்ச வள்ளம் மாதிரி ஏன் இப்படிக் கவுந்து கெடக்க? விசா வரலையா? அதுக்கா இம்புட்டு சோகம்?

மார்ச் மாசம் நீ போட்ட ஆட்டத்தைப் பாத்தேன்லா. டாக்டர் பயிற்சிக்கு எந்த ஆஸ்பத்திரி வேணும்னு நீ ஒரு பட்டியல் எழுதுனியாம். அமெரிக்கா ஆஸ்பத்திரி ஒரு பட்டியல் எழுதுச்சாம். ரெண்டையும் கம்ப்யூட்டர் சேத்து வச்சுதாம். அதுக்குப் பேரு ‘மேட்ச்’சாம். பத்துப் பொருத்தமும் பாத்துட்டான். மாப்பிள்ளைய வாசப்படி ஏத்துவாங்களான்னு மட்டும் கேக்க மறந்துட்டான். உங்கப்பன் மறுநாளே நம்மூரு ரோச் பூங்கா பக்கம் இருபதடி பிளக்ஸ் கட்டிட்டான். கழுத்துல ஸ்டெதாஸ்கோப்பு, முதுகுக்குப் பின்னால சுதந்திர தேவி சிலை. ஏம்லே, வலையை எறியுமுன்னயே மசாலா அரைப்பாங்களா?

2025-ல நடந்ததை அதுக்குள்ள மறந்துட்டியா? மார்ச் 21-ல மேட்ச். மே 27-ல வாஷிங்டன்லேருந்து ஓலை வருது, படிக்க வாரவன், பயிற்சிக்கு வாரவன் யாருக்கும் புதுசா நேர்காணல் நாள் குறிக்காதன்னு. திறந்தது ஜூன் 18-ல. ஜூலை 1-ல ஆஸ்பத்திரியில நிக்கணும். இடையில பதிமூணு நாளு. அதுக்குள்ள சென்னை அண்ணா சாலையில போயி நின்னு, விசா குத்தி வாங்கி, ஏரோப்ளேன் ஏறணும். எம் பொண்டாட்டிக்குக் கருவாடு காயவே அத்தனை நாளு வேணும்!

இதுல வேடிக்கை என்னன்னா, அந்த நாட்டு டாக்டர்ல நாலுல ஒருத்தன் வெளிநாட்டுல படிச்சவன். நீ போகலேன்னா ராத்திரி வார்டை யாரு பாக்கது? இலையைப் போட்டு விருந்தாளிய வான்னு சொல்லிட்டு, கதவைப் பூட்டிச் சாவியைத் தேடுத வீடுலே அது.

இப்ப உன் இன்ஸ்டாகிராமைத் திறந்து வைக்கச் சொல்லுதானாம். இங்கயும் ஒரு காலத்துல சோதனை இருந்துச்சு. முத்துக் குளிக்கத சலாபத்துக்கு முன்னால மாதிரிக்குக் கொஞ்சம் சிப்பி எடுத்து, அதுல தேறுன முத்தை வெல போட்டுப் பாத்துட்டுத்தான் குளிக்க நாள் குறிப்பாங்க. சிப்பிக்குள்ள முத்து இருக்கும், பாக்கான், சரி. உன் இன்ஸ்டாகிராமுக்குள்ள என்ன இருக்கு? மக்ரூனைக் கையில வச்சுக்கிட்டு பல்லைக் காட்டுத படம். நாடி பிடிக்கத் தெரியுமான்னு அதுலயா தெரியும்?

நீயும் லேசுப்பட்டவன் இல்ல. அந்தக் காலத்துச் சலாபத்துல கடல்கட்டின்னு ஒருத்தர் இருப்பாரு. கரையில நின்னு மந்திரஞ் சொல்லிச் சுறா வாயைக் கட்டுவாரு. கூலி சிப்பிதான். 1961-க்குப் பெறவு இங்க பெரிய சலாபமே நடக்கல, கடல்கட்டி பொழப்பும் போச்சுன்னு நெனச்சேன். எங்க போச்சு? உன் வாட்சப்புல உக்காந்துருக்காரு. ‘நீலச் சட்டை போடு, சிரிக்காத, இத்தனை ஆயிரம் அனுப்பு, விசா நிச்சயம்’. சிப்பியோட விட்ட பழைய ஆளே தேவலை.

இன்னொண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்காத. உன் ஜே-ஒன் விசாவுலயே ஒரு வரி இருக்கு. பயிற்சி முடிஞ்சா ரெண்டு வருஷத்துக்குச் சொந்த நாட்டுக்குத் திரும்பணும். உங்கப்பன் அதைப் பிளக்ஸ்ல போடலையே, ஏன்? திரும்ப வேண்டாம்னா, டாக்டர் அண்டாத பட்டிக்காட்டுல மூணு வருஷம் வேல பாக்கணும். அது அமெரிக்காப் பட்டிக்காடு, அதனால மணக்குது. விளாத்திகுளத்துல போட்டா ஏன்லே மூஞ்சி கோணுது? வேற விசாவுல போறேங்கியா? எச்-ஒன்-பி-க்கு 2025 செப்டம்பர்ல ஒரு லட்சம் டாலர் கட்டணம் வச்சான். உனக்காக அதைக் கட்டுத ஆஸ்பத்திரி எதுன்னு கண்டுபிடிச்சிட்டு வா, நானும் வந்து பாக்கேன்.

எங்க தாத்தா தோணியில வெங்காயம் ஏத்திக்கிட்டுக் கொழும்புக்குப் போனவரு. காத்து திரும்புத வரைக்கும் கரையிலதான் கெடப்பாரு. சும்மா இல்ல, பாயைத் தைப்பாரு. வீட்டுச் சுவத்துல ‘கொழும்பு புகழ்’னு எழுதி வைக்கல.

சரி, அழாத. வரும். வரலேன்னாலும் இந்த ஊர்ல காய்ச்சலுக்குப் பஞ்சமா? உங்கப்பன்கிட்ட மட்டும் ஒண்ணு சொல்லு. பிளக்ஸு ஒரு பக்கம் கிழிஞ்சு காத்துல படபடன்னு அடிக்கி. இறக்கி எனக்குக் குடுக்கச் சொல்லு. ஐப்பசி மழைக்கு முன்னால உப்பு அம்பாரத்தை மூடணும். உம் மூஞ்சி உள்பக்கமா இருக்கத மாதிரிதான் போடுவேன், நனையாது. விசா வந்தா கழுவித் தாரேன்.