கழுவிக் கழுவிப் பளபளப்பு

நான் காசு கொடுத்து வாங்கும் பிளாஸ்டிக் கார் கிட்டில் குரோம் ஏற்கெனவே பூசித்தான் வருகிறது. பம்பர், கிரில், வீல் கேப் எல்லாம் ஒரு சட்டத்தில் வரிசையாகத் தொங்கிக்கொண்டு, கீறல் படாமல் தனிப் பையில், கண்ணைப் பறிக்கும். அதைப் பிரித்து, ப்ளீச்சில் ஊறப்போட்டு, இருக்கிற பளபளப்பையெல்லாம் கழுவிக் கொட்டிவிட்டு, மறுபடி காசு செலவழித்து அதே இடத்தில் பளபளப்பைப் பூசுவதுதான் என் பொழுதுபோக்கு. என் மனைவி இதைச் சொந்தக்காரர்களுக்கு இன்னும் சுருக்கமாக விளக்குவாள். அது அச்சேறத் தக்கதல்ல.

என் பக்கமும் நியாயம் உண்டு. பெட்டியில் வருவது குரோமே அல்ல, அலுமினியம். காற்றை உறிஞ்சி எடுத்த அறைக்குள் அலுமினியத்தை ஆவியாக்கி, பாகங்களின் மேல் படியவிடுகிறார்கள். படிவதற்கு வழவழப்பான தளம் வேண்டுமென்று அதற்கு முன்னால் ஒரு வார்னிஷ் அடிக்கிறார்கள். அந்த வார்னிஷ் கிரில்லின் சந்துபொந்துகளில் தேங்கி, அச்சு செதுக்கியவரின் உழைப்பையெல்லாம் மெழுகிவிடும். போதாக்குறைக்கு, அச்சின் இரு பாதிகளும் சேர்ந்த கோடு பம்பர் மேல் ஓடும். சட்டத்திலிருந்து நறுக்கிய இடத்தில் வெறும் பிளாஸ்டிக் பல்லைக் காட்டும். கோட்டைத் தேய்த்தால் குரோம் போகும், தேய்க்காவிட்டால் மானம் போகும்.

நான் எடுத்துக்கொண்டது 1959 காடிலாக் எல்டொராடோ, 1/25 அளவு. நிஜ வண்டி ஐந்தே முக்கால் மீட்டருக்குச் சற்றே குறைவு. என் மேஜையில் 23 சென்டிமீட்டர். ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் துறையைப் பல்லாண்டு கட்டியாண்ட ஹார்லி ஏர்ல் ஓய்வுபெறும் தறுவாயில் வந்த வண்டி. கஞ்சத்தனம் என்ற பேச்சுக்கே இடமில்லை. முன் கிரில்லில் அடுக்கடுக்காகச் சின்னச் சின்னக் குரோம் குமிழ்கள். சரி, முடிந்தது என்று வண்டியைத் திருப்பினால் பின்னாலும் அதே குமிழ்கள். வண்டி வருகிறதா போகிறதா என்று ஊரே குழம்பட்டும் என்று நினைத்தார்களோ என்னவோ. இதற்கு முந்தைய ஆண்டு வந்த ப்யூக்கின் முகத்தில் 160 குரோம் சதுரங்கள் இருந்தன என்பதை நினைத்து மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

ப்ளீச்சுக்கு அலுமினியம் என்றால் அல்வா. கொஞ்ச நேரத்தில் பம்பர் தன் கௌரவத்தையெல்லாம் இழந்து மஞ்சளாக நிற்கும். அந்த மஞ்சள்தான் வார்னிஷ், லேசில் போகாது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் ஊறவைத்துப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். (பாத்ரூம் அலமாரியில் ப்ளீச்சுக்குப் பக்கத்திலேயே ஆசிட் பாட்டிலும் இருக்கும். இரண்டையும் ஒருநாளும் கலக்காதீர்கள். கிளம்புவது குளோரின் வாயு.)

இனிமேல்தான் வேடிக்கை. வெள்ளிப் பளபளப்பு வேண்டுமென்றால் முதலில் கறுப்பு அடிக்க வேண்டும். அதுவும் முகம் பார்க்கிற மாதிரி வழவழவென்று. அது நன்றாகக் காய்ந்த பிறகு, அல்கிளாட் போன்ற குரோம் பெயிண்டை ஏர்பிரஷ்ஷில் ஊற்றி, 12 முதல் 15 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில், மூச்சு விட்ட மாதிரி மெல்லிசாக அடிக்க வேண்டும். அதிலிருக்கும் நுண்ணிய உலோகத் துகள்கள் படுக்கையாகப் படிந்தால் கண்ணாடி. ஆசைப்பட்டு இன்னும் ஒரு கை அடித்தால் வெறும் சாம்பல். கறுப்பில் ஒரு தூசி உட்கார்ந்திருந்தால் குரோம் அதை மலையாக்கிக் காட்டும். சென்னை ஈரக்காற்றோ தன் பங்குக்கு லேக்கரைப் பால் போல வெளுக்க வைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நான் ஏர்பிரஷ்ஷைத் தொடுவதே இல்லை.

முதலில் அடித்து முடித்த பம்பரை அம்மாவிடம் காட்டினேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏண்டா, ஈயம் பூசின மாதிரி இருக்கே?" என்றாள். அம்மாவின் அளவுகோல் சமையலறை எவர்சில்வர். நல்ல ரகத்தில் நூற்றுக்குப் பதினெட்டு பங்கு நிஜமான குரோமியம். அதோடு மல்லுக்கட்ட முடியுமா? அதுவும் அம்மா கையில் எடுத்துத் திருப்பியதில் கட்டைவிரல் ரேகை பம்பரில் பத்திரமாகப் பதிந்துவிட்டது. இந்தக் குரோம்களைப் பூசலாம், தொடக்கூடாது. பாதுகாப்புக்கு மேலே வார்னிஷ் அடித்தால் கண்ணாடித்தனம் போய்ச் சாதாரண வெள்ளிப் பெயிண்ட் ஆகிவிடும். கைப்பிடி, பக்கக் கண்ணாடி மாதிரிச் சில்லறை வேலைகளுக்கு மோலோடோ குரோம் பேனா உண்டு. சொட்டு விட்டதும் தானே பரவிப் பாதரசமாக நிற்கும் அழகே அழகு. ஆனால் அதுவும் நன்றாக இறுக நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும்.

கண்ணாடி விளிம்புக்கும் கதவோரப் பட்டைக்கும் பேர் மெட்டல் ஃபாயில். பின்புறம் பசை தடவிய, மூச்சு பட்டாலே சுருங்கும் தகடு. மெல்லிய பட்டையாக வெட்டி ஒட்டி, பட்ஸால் நீவிக்கொண்டே போனால் அடியிலுள்ள வரம்பு மெல்லத் தெரியும். பிறகு புது பிளேடால் ஓரத்தில் ஒரே இழுப்பு. பிளேடு புதிதில்லையென்றால் தகடு வெட்டுப்படாமல் கிழியும். அந்த இழுப்பின்போது வீட்டில் குக்கர் விசில் அடிக்கக்கூடாது என்று கேட்டுப் பார்த்தேன். பதிலாகக் கிடைத்தது விசில்.

இவ்வளவும் செய்து, கடைசியில் குரோமைக் கொஞ்சம் அழுக்காக்க வேண்டும் என்பதுதான் உச்சம். நிஜ பம்பரில் மேல்பாதி வானம், கீழ்பாதி ரோடு, நடுவே கறுத்த ஒரு கோடு. அதனால்தான் கண்ணுக்கு அது இரும்பாகத் தெரிகிறது. என் காடிலாக்கில் தெரிவது டியூப் லைட், சீலிங் ஃபேன், குனிந்து பார்க்கிற என் மூக்கு. ஆகவே நீர்க்கக் கரைத்த கறுப்பு பெயிண்டைக் குமிழ்களுக்கிடையே ஓடவிட்டு, மேடுகளை மட்டும் துடைத்தேன். உடனே ஆழம் வந்தது. பளபளப்பு குறைந்தது, காருக்கு எடை கூடியது. நிஜ வண்டியிலும் குரோம் ஒரு மைக்ரானுக்கும் குறைவான பூச்சுதான். உழைப்பெல்லாம் அடியிலிருக்கும் நிக்கலுடையது, பேர் மட்டும் குரோமுக்கு.

மனைவி வந்து பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா பெட்டியில வந்தது இன்னும் பளபளன்னு இருந்துச்சே?"

"அதான் தப்பு. இதுதான் நிஜம்."

"சரிங்க. அடுத்தது?"

"57 செவர்லே பெல் ஏர்."

"அதுலயும் குரோம் பூசித்தான் வருமா?"

"ஆமா."

அவள் போய்ப் பாத்ரூம் அலமாரியிலிருந்த ப்ளீச் பாட்டிலை எடுத்துப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள்.