அடிவரி எச்சரிக்கை

அரசுக்கு நம் பிள்ளைகள் மேல் அக்கறை இல்லை என்று யார் சொன்னது? 2012 அக்டோபரிலிருந்து சிகரெட் வரும் எந்தப் படத்துக்குப் போனாலும், படத்துக்கு முன்னும் இடைவேளைக்குப் பின்னும் புகையிலை எச்சரிக்கைப் படம் ஓட்டுகிறார்கள்; நுரையீரலைப் பஞ்சாகப் பிழிந்து தார் எடுத்துக்கூடக் காட்டினார்கள். பாப்கார்ன் வாங்கிவர இதைவிட வசதியான நேரம் கிடையாது.

அதோடு விட்டார்களா? நாயகன் சிகரெட்டை எடுத்தாலே திரையின் அடியில் எச்சரிக்கை வந்து நிற்கிறது. செல்போனில் மூழ்கிக் கிடக்கும் ஒன்பதாம் வகுப்புப் பையன்கூடச் சட்டென்று நிமிர்கிறான்: தலைவர் ஸ்டைல் காட்டப்போகிறார்! வானிலை ஆய்வு மையம்கூட இவ்வளவு துல்லியமாகச் சொல்லாது. இந்த வரியைப் போட மாட்டேன் என்று இயக்குநர் வுடி ஆலன் 2013இல் 'புளூ ஜாஸ்மின்' படத்தையே இந்தியாவில் வெளியிடவில்லை. விளம்பரத்தின் அருமை தெரியாத மனுஷர்.

சிகரெட் பாக்கெட்டில் 85 சதவீத இடத்தை எச்சரிக்கை, படமும் எழுத்துமாக அடைத்துக்கொண்டிருக்கிறது. சின்னப் பையன் அதைப் பார்த்துப் பயந்துவிடக் கூடாதே என்று பெட்டிக்கடை அண்ணாச்சி ஒற்றை ஒற்றையாக உருவித்தான் கொடுக்கிறார். பற்றவைக்கக் கயிற்றில் லைட்டர், வாசனை போக ஒரு மிட்டாய். எல்லாம் தயார்.

ஆனால் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விற்கக் கூடாது, பள்ளிக்கு 100 கஜத்துக்குள் விற்கவே கூடாது என்கிறது சட்டம். அண்ணாச்சி சட்டத்தை மதிப்பவர். யூனிஃபார்மில் வந்த பையனைக் கண்டிப்பாகத் திருப்பி அனுப்பினார்:

"போய்க் கலர் சட்டை போட்டுட்டு வா தம்பி. சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல?"