பந்தி விசாரித்த வகைக்கு ரூ. 1,140

அனுப்புநர்:
சென்ற சனிக்கிழமை இரவு ஜன்னலோர மேசையில் உட்கார்ந்திருந்த நால்வரில் ஒருவன்.

பெறுநர்:
நிர்வாகத்தார் அவர்கள்,
நட்சத்திர ஓட்டலின் ஒன்பதாம் மாடி உணவகம்,
சென்னை.

பொருள்: தங்கள் உணவகத்துக்கு நாங்கள் ஆற்றிய சேவைக்குக் கட்டணம் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் ரசீது, மொத்தம் ரூ. 14,797.

ஐயா / அம்மையீர்,

என் நண்பனுக்கு ஐம்பது வயது நிறைந்த நாளை உங்கள் உணவகத்தில் கொண்டாடினோம். அவன் கல்யாணச் சமையல் காண்டிராக்டர். முப்பது வருடமாக ஊருக்கெல்லாம் பந்தி போட்டவன், ஒரு நாளாவது உட்கார்ந்த இடத்தில் சாப்பிடட்டும் என்று நாங்கள் மூன்று பேர் பணம் போட்டு அழைத்து வந்தோம். சாப்பிட்டோமா என்பதைப் பிறகு பார்க்கலாம். ரசீதில் ‘சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம், ரூ. 1,140’ என்று ஒரு வரி இருந்தது. இரண்டு நாளாக யோசித்துப் பார்த்தேன். சேவை நடந்தது உண்மைதான். செய்தது நாங்கள்.

வாசலிலேயே ஆரம்பம். நண்பன் வெள்ளை வேட்டியில் வந்திருந்தான். வரவேற்புப் பெண் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே யாரிடமோ கேட்கப் போனார். வேட்டி கட்டியவரைப் பொது இடங்களில் தடுக்கக் கூடாது என்று 2014இல் நம் சட்டப்பேரவை சட்டமே போட்டிருக்கிறது. அவர் திரும்பி வருவதற்குள் அதை செல்போனில் தேடி எடுத்து, சண்டைக்குத் தயாராக நின்றேன். அவர் சிரித்த முகமாக வந்து உள்ளே விட்டுவிட்டார். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

உள்ளே கும்மிருட்டு. வீட்டில் இப்படி ஆனால் மின்வாரியத்தைத் திட்டுவோம். உங்களிடம் அதற்கு ‘ஆம்பியன்ஸ்’ என்று பெயர். மெனுவை செல்போன் டார்ச் அடித்துத்தான் படித்தோம். பேட்டரி எங்களுடையது. பிறகு, ‘ஸ்டில்லா ஸ்பார்க்ளிங்கா?’ என்று கேட்டார்கள். நண்பன் ‘தண்ணி’ என்றான். 350 ரூபாய்க்கு ஒரு பாட்டில் வந்தது. பாட்டிலில் அச்சிட்ட விலைக்கு மேல் ஓட்டல்கள் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றமே 2017 டிசம்பரில் சொல்லிவிட்டதால் இதில் எனக்கு வழக்கில்லை. தாகம்கூட அடங்கிவிட்டது, விலையைப் பார்த்ததும்.

அடுத்தது ‘டீகன்ஸ்ட்ரக்டட் சாம்பார் வடை’, 695 ரூபாய். அகலமான கறுப்புத் தட்டில் பத்து ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு வடை, பக்கத்தில் மஞ்சளாக ஒரு கரண்டி நுரை. நண்பன் குனிந்து மோந்து பார்த்தான். முகம் மாறிவிட்டது. பரிமாறிய தம்பியைக் கிட்டே கூப்பிட்டு, அடுத்த மேசைக்குக் கேட்காத குரலில் சொன்னான்: “தம்பி, சாம்பார் நுரைச்சுப் போச்சு. காலையில வச்சதா? அண்டாவோட கீழ ஊத்தச் சொல்லுங்க. வேற யாருக்கும் குடுத்துடாதீங்க, பேரு கெட்டுடும்.”

தம்பி திகைத்துப்போய், “சார், இட்ஸ் ஃபோம் சார். செஃப்ஸ் ஸ்பெஷல்” என்றார்.

சாம்பாரை மூடி வைத்துவிட்டால் வெக்கையில் விடிவதற்குள் நுரை கட்டிவிடும். அந்த நுரையால் பிழைப்பை இழந்த மாஸ்டர்கள் அவன் தொழிலில் உண்டு. ஸ்பெயினில் எல் புல்லி என்ற உணவகத்தில் ஃபெரான் அட்ரியா என்ற சமையல்காரர் 1990களில், வாயு அடைத்த குடுவையில் குழம்பு வகையறாவை ஏற்றி நுரையாகப் பீய்ச்சி உலகப் புகழ் பெற்றார் என்று நான் நண்பனுக்கு விளக்கினேன். “அந்தக் கடை இப்ப நல்லா ஓடுதா?” என்றான். 2011இல் மூடிவிட்டார்கள் என்றேன். “பாத்தியா” என்றான். உங்கள் பெயர் கெடாமல் இருக்க ஒரு அனுபவசாலி கவலைப்பட்டிருக்கிறான்; இந்த ஆலோசனையை வெளியே கேட்டால் ஃபீஸ் தனி.

ஐந்து நிமிடத்துக்கு ஒருவராக வந்து, ‘எவ்ரிதிங் ஓகே சார்?’ என்று கேட்டுப் போனார்கள். மூன்றாவது ஆள் வந்தபோது நண்பனுக்குப் பிடிபட்டது. “டேய், பந்தி விசாரிக்கிறாங்கடா!” என்று மலர்ந்துபோனான். நம் கல்யாணங்களில் பெண்ணைப் பெற்றவர் இலை இலையாகக் குனிந்து, ‘பாயசம் வந்துச்சா, கூச்சப்படாமக் கேளுங்க’ என்று விசாரிப்பார். விசாரித்த கையோடு சாம்பார் வாளிக்காரரைச் சத்தம் போட்டுக் கூப்பிடுவார். உங்களவர்கள் விசாரித்தார்கள், வெறுங்கையோடு. நண்பன் அது தெரியாமல், “சாதம் இன்னுங்கொஞ்சம் வைங்க” என்றுவிட்டான். அது தனி போர்ஷன், 325 ரூபாய். அதன் பிறகு யார் வந்து கேட்டாலும் ‘எல்லாம் பிரமாதம்’ என்று சொல்லி அனுப்பினோம். நான் எண்ணிய வரையில் பதினோரு தடவை. இதைவிடப் பெரிய சேவை எந்த வாடிக்கையாளர் செய்வார்?

கேக்கும் வந்தது, கைதட்டலும் வந்தது. பாட்டைப் பாடியது பெரும்பாலும் நாங்கள்தான்.

இனி ரசீது. சாப்பாடு 11,400. அதன்மேல் சர்வீஸ் சார்ஜ் 1,140. இரண்டையும் கூட்டி, கூட்டியதன்மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். ஆக, எங்களுக்கு வராத சேவைக்கு 205 ரூபாய் 20 காசு வரியும் கட்டியிருக்கிறோம். தெருமுனை ஓட்டலில் வடைக்கு வரி 5 சதவீதம். அறை வாடகை நாளொன்றுக்கு 7,500 ரூபாயைத் தாண்டும் ஓட்டலுக்குள் நுழைந்துவிட்டால் அதே வடைக்கு 18. பக்கத்து மாடியில் யாரோ நல்ல மெத்தையில் படுத்ததற்கு நாங்கள் வரி கட்டினோம். அவராவது நன்றாகத் தூங்கியிருப்பார். கடைசியில் ‘ரவுண்ட் ஆஃப்’ என்று 20 காசு கழித்திருந்தீர்கள். பிறந்த நாள் தள்ளுபடி போலிருக்கிறது. நன்றி.

சர்வீஸ் சார்ஜைத் தானாக ரசீதில் சேர்க்கக் கூடாது, சேர்த்து அதன்மேல் ஜி.எஸ்.டி.யும் போடக் கூடாது, விரும்பியவர் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. ஓட்டல் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. 2025 மார்ச்சில் நீதிமன்றம் ஆணையம் சொன்னது சரி என்றது. இதை உங்கள் மேலாளரிடம் பணிவாக எடுத்துச் சொன்னேன். “அது டெல்லி சார்” என்றார். நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழுத்தப் போனேன். நண்பன் மேசைக்கடியில் என் தொடையைக் கிள்ளி, “பொறந்த நாள் அதுவுமா வேணாம்டா மாப்ள” என்றான். கொடுத்துவிட்டோம்.

நண்பனுக்கு மட்டும் ஒரு சந்தேகம் தீரவில்லை. அவன் பந்தியில் பரிமாறுகிறவர்களுக்குக் கூலி அவன்தான் கொடுக்கிறான். மொய் எழுதும் மேசையில் போய் வசூலிப்பதில்லை. கிளம்பும்போது தம்பியை ஓரமாக அழைத்து, “இந்த ஆயிரத்து நூத்தி நாப்பதுல ஒங்களுக்கு எவ்வளவு வரும்?” என்று கேட்டான். இரவு முழுக்க ஆங்கிலத்தில் பேசிய தம்பி மேலாளர் நின்ற பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, சிரித்து மட்டும் வைத்தார். “எந்த ஊரு?” என்றதும், “பரமக்குடிப் பக்கம்ணே” என்று தமிழுக்கு வந்துவிட்டார். நண்பன் அவர் சட்டைப் பையில் இருநூறு ரூபாயும் தன் விசிட்டிங் கார்டும் வைத்தான்.

எங்களுக்குச் சேர வேண்டிய 1,140 ரூபாயை நீங்கள் காசாகத் தர வேண்டாம். வைகாசி முகூர்த்தத்தை ஒட்டி உங்கள் பணியாளர் ஒருவர் மூன்று நாள் லீவு கேட்டு வருவார். காரணம் கேட்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுங்கள், கணக்கு நேராகிவிடும்.

இப்படிக்கு,
ஜன்னலோர மேசை.

இணைப்பு: அன்னப் பறவை மாதிரி மடித்து வைத்திருந்த துணி நாப்கின் ஒன்று. பிறந்த நாள் பரிசு என்று நினைத்து நண்பன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டான். துவைத்து அனுப்பியிருக்கிறோம்.